‘வராதீங்க’ என்று சொன்ன கடை

என் அண்ணி கிட்டார் வாசிப்பவர் என்று சொன்னால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். வார நாட்களில் அவரைப் பார்த்தவர்கள் நிச்சயம் நம்ப மாட்டார்கள். அண்ணனுடைய அச்சகத்தில் முழங்கை வரை மை அப்பிய மேலங்கியோடு நிற்பார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதே கண்ணாடியை மேசை மேசையாகத் தேடிக்கொண்டிருப்பார். சனிக்கிழமை மாலை வந்தால்தான் ஆள் மாறும். கம்பெனி ஆண்டுவிழா, கல்யாண வரவேற்பு என்று ஊர் சுற்றும் ஒரு சின்ன இசைக்குழுவில் அவர்தான் கிட்டார். குழுவில் அவருக்கு ‘கடிகாரம்’ என்று பெயர். பாடகர் தடுமாறுவார், டிரம்ஸ்காரர் உற்சாகத்தில் ஓடுவார், அண்ணியின் தாளம் மட்டும் ஒரு இம்மி நகராது.

அந்தக் கையைத்தான் காகிதம் வெட்டும் இயந்திரம் பிடித்துக்கொண்டது. புது வருட நாட்காட்டி வேலை குவிந்து கிடந்த சமயம். ஒரு அடுக்குத் தாள் கோணலாக நின்றதைச் சரிசெய்ய அண்ணி இடது கையை நீட்டினார். கத்தி இறங்கிவிட்டது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவோடு போயின. அண்ணன் அன்று அச்சகத்துக்குப் பூட்டுப் போட்டவர், அண்ணியின் கைக்கட்டைப் பிரிக்கும் வரை திறக்கவே இல்லை.

கிட்டார் வாசிப்பவர்களுக்கு இடது கைதான் கம்பியை அழுத்தும் கை. வலது கை மீட்டும். அண்ணியின் அழுத்தும் கையில் முக்கியமான இரண்டு விரல்களும் அரையாகிவிட்டன. வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கிட்டாரை உறையில் போட்டு, அலமாரிக்கு மேலே, பெட்டிகளுக்குப் பின்னால் அண்ணன் தள்ளி வைத்துவிட்டார். கண்ணில் படாவிட்டால் நினைவுக்கு வராது என்று நினைத்தாரோ என்னவோ.

நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அண்ணியால் தலை பின்னிக்கொள்ள முடியாததால், காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் நான் பின்னிவிடுவேன். அப்படி ஒரு காலை, நான் சிக்கெடுத்துக்கொண்டிருக்கும்போது அண்ணி தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏய், விரல் போனது இந்தக் கையிலதானே?”

“ஆமா அண்ணி.”

“அந்தக் கையில அஞ்சும் இருக்கே.”

எனக்குப் புரியவில்லை. “இருக்கு, அதுக்கென்ன?”

“அதுக்கென்னவா? மாத்திப் பிடிச்சு வாசிக்க வேண்டியதுதான். வலது கையால அழுத்தறேன், இந்தக் கையால மீட்டறேன். மீட்டறதுக்கு எத்தனை விரல் வேணும்? பின்னினது போதும், அந்தப் பெட்டியெல்லாம் நகத்து.”

பாதிப் பின்னலோடு கிட்டாரை இறக்கினோம். கம்பிகளை எல்லாம் கழற்றி, வரிசையைத் தலைகீழாக்கி மாட்டினோம். அண்ணி சொல்லச் சொல்ல நான் முறுக்கினேன். அப்புறம்தான் வம்பு தெரிந்தது. கிட்டாரின் கழுத்து முனையில் ஒரு வெள்ளைப் பட்டை இருக்கிறது. கம்பி ஒவ்வொன்றும் தனக்கென்று வெட்டிய பள்ளத்தில் அதன்மேல் உட்கார வேண்டும். இப்போது தடித்த கம்பி மெல்லிய பள்ளத்தில் உட்கார மாட்டேன் என்றது. மெல்லிய கம்பி அகலமான பள்ளத்தில் கிடந்து கொசு மாதிரி ரீங்கரித்தது. அடிப்பக்கம் கம்பிகள் ஏறி நிற்கும் பட்டையும் சாய்வாக இருந்தது. அந்தச் சாய்வு இப்போது எதிர்ப்பக்கமாகிவிட்டதால் கழுத்தில் மேலே போகப் போகச் சுருதி விலகியது.

அண்ணி கொஞ்ச நேரம் கேட்டார். “இது சரிப்படாது. இடது கைக்காரங்களுக்குன்னே செஞ்ச கிட்டார் இருக்கு. அதைத்தான் தேடணும்,” என்றார். நான் அன்று வேலைக்கு அரை மணி தாமதம்.

இப்படித்தான் எங்கள் கடை தேடும் படலம் தொடங்கியது. என் விடுமுறை நாட்களில் ஸ்கூட்டரில் அண்ணியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்புவேன். அவர் எனக்கு வழி சொல்வார். பெரும்பாலும் தப்பாகச் சொல்வார்.

முதலில் போனது ஊரிலேயே பெரிய கடை. கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர். கிட்டார்கள் எல்லாம் கைக்கு எட்டாத உயரத்தில், புகைப்படம் மாட்டியது போல வரிசையாகத் தொங்கின. காதில் ஏதோ ஒரு கருவியை மாட்டிக்கொண்டிருந்த விற்பனையாளர் ஓடி வந்தார்.

“சொல்லுங்க மேடம், பையனுக்கா, பொண்ணுக்கா?”

“எனக்கு. இடக்கை கிட்டார் இருக்கா?”

அவர் தொங்கிய கிட்டார்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். “அப்படித் தனியா ஒண்ணும் வராது மேடம். இதையே திருப்பிப் பிடிச்சா இடக்கைதான்.”

“சரி தம்பி, நீங்க போட்டிருக்கிற சட்டையைத் திருப்பிப் போட்டா புதுச் சட்டை ஆயிடுமா?”

அவர் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்ததில் ஒன்றை எடுத்துத் தரச் சொன்னார். வாங்குவதாக இருந்தால்தான் எடுக்க முடியும் என்றார்கள். வாசித்துப் பார்க்காமல் எப்படி வாங்குவது என்றால், அது கம்பெனி விதி என்றார்கள். வெளியே வந்தோம்.

பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைக்காரர் இன்னொரு ரகம். பள்ளிக்கூட அணிவகுப்பு மேளம், விசில், பொம்மைப் பியானோ எல்லாவற்றுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பார். இடக்கை கிட்டார் என்றதும், “ஓ, பேஷா! நாளைக்கு வாங்க,” என்றார். போனோம். “வண்டி வரல, நாளைக்கு வாங்க.” போனோம். “நாளைக்கு வந்திருந்தா கொடுத்திருப்பேன்,” என்றார் ஒருமுறை. அதற்கு என்ன அர்த்தம் என்று நானும் அண்ணியும் இன்றுவரை பேசிக்கொள்கிறோம்.

இதெல்லாம் அண்ணன் காதுக்கும் போயிருக்கிறது. ஒரு நாள் மாலை பளபளவென்று ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். அந்தப் பெரிய கடைக்குத்தான் போயிருக்கிறார். ‘ரெண்டு கைக்கும் பொருந்தும் சார்’ என்று தலையில் கட்டிவிட்டார்கள். பெட்டியைப் பிரித்தபோது அவர் முகத்தில் பரீட்சை எழுதிவிட்டு வந்த பையனின் களை இருந்தது.

அண்ணி அதை மடியில் வைத்துக் கம்பிகளைத் தடவிப் பார்த்தார். “நல்ல கிட்டார்தாங்க. ஆனா எனக்கில்ல.”

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “எனக்கு என்னத்தத் தெரியும்? ஏதாவது செய்யணும்னு தோணுச்சு. அந்த மிஷினை நான் நிறுத்தியிருக்கணும்.”

கட்டுப் பிரித்த நாளிலிருந்து அவர் அந்த இயந்திரத்தைப் பற்றிப் பேசியது அன்றுதான். அண்ணி கிட்டாரை ஓரமாக வைத்தார்.

“நிறுத்தியிருக்கலாம். நானும் கையை நீட்டாம இருந்திருக்கலாம். நீங்க கடைக்குப் போனீங்களே, அது போதும் எனக்கு. அடுத்த தடவை என்னையும் கூட்டிட்டுப் போங்க.”

மறுநாள் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். அண்ணன் திரும்பிவிடலாம் என்றார். அண்ணி வாசலருகே கிடந்த ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிட்டாரைத் திருப்பிப் பிடித்து வாசிக்கத் தொடங்கினார். கம்பிகள் தலைகீழ், கை பழகாத கை, விரல் குறைந்த விரல். காது கூசும் சத்தம். உள்ளே வந்த ஒரு குடும்பம் அப்படியே நின்றது. விற்பனையாளர் கையைப் பிசைந்துகொண்டு வந்து, கொஞ்சம் நிறுத்தச் சொன்னார்.

“ரெண்டு கைக்கும் பொருந்தும்னு சொன்னீங்களே தம்பி, அதான் பாக்கறேன்,” என்றார் அண்ணி. வாசிப்பை நிறுத்தவில்லை.

மேலாளர் இறங்கி வந்தார். கிட்டார் திரும்பப் போனது. அண்ணன் தெருவுக்கு வந்ததும் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

இதற்கிடையில் அண்ணி சும்மா இருக்கவில்லை. கம்பியைத் தலைகீழாக மாட்டிய அந்தப் பழைய கிட்டாரிலேயே வலது கை விரல்களைப் பழக்கிக்கொண்டிருந்தார். சுருதி போனால் போகட்டும், விரலாவது தடிக்கட்டும் என்பார். முதலில் விரல் நுனிகள் கன்றி, தோல் உரிந்தன. நான் கடையிலிருந்து களிம்பு கொண்டுவந்தால், “இதைப் போட்டா தோல் மெத்துன்னு ஆயிடும், எடுத்துட்டுப் போ,” என்று விரட்டுவார். மருந்து விற்பவளுக்கு வீட்டில் இருக்கிற மரியாதை அவ்வளவுதான்.

பிறகு ஒரு கடைக்காரர் தொலைபேசியில், இடக்கை கிட்டார் தன்னிடம் இருப்பதாக அடித்துச் சொன்னார். ஊரின் மறுகோடி. வெயிலில் போய்ச் சேர்ந்தோம். மேசைமேல் ஒன்று தயாராக இருந்தது. அண்ணி வெறும் கம்பிகளை மீட்டினார், சரியாக இருந்தது. கழுத்தில் மேலே ஏறி அழுத்தினார். முகம் மாறியது. குனிந்து வெள்ளைப் பட்டையைப் பார்த்தார். பள்ளங்களை ரம்பத்தால் அவசரமாக அறுத்திருந்தார்கள், தூள்கூடத் துடைக்கவில்லை.

“இது சாதாரணக் கிட்டார். நாங்க வர்றோம்னு கம்பியை மாத்தி வச்சிருக்கீங்க.”

கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. “அம்மா, உங்களுக்கு விரலே முழுசா இல்ல. சும்மா பொழுதுபோக்குக்கு வாசிக்கப் போறீங்க. அதுக்கு இவ்வளவு கண்டிஷனா?”

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. வாயில் என்ன வந்திருக்குமோ தெரியாது, அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“விரல்தாங்க போச்சு, காது இருக்கு. உங்களுக்கு ரெண்டும் இருக்கு, ஆனா இந்தச் சுருதியை விக்க மனசு வருது,” என்றார். கிட்டாரை மெதுவாக, வலிக்காமல் படுக்க வைப்பது போல மேசையில் வைத்தார்.

வீட்டு வாசலில் நான் வண்டியை நிறுத்தியதும், “அடுத்த வாரம் எந்தப் பக்கம் போலாம்?” என்றார்.

அடுத்த வாரம் போனது மூக்குக் கண்ணாடி விற்கும் கடைக்கு. அண்ணி ஒருவழியாகத் தன் கண்ணாடியைத் தொலைத்தே விட்டார். புதிதாக வாங்கப் போன இடத்தில் தலைக்கு மேலிருந்து டிரம்ஸ் சத்தம் கேட்டது. “மேல என்ன?” என்று அண்ணி கேட்க, “அதுவா, ஒரு மியூசிக் கடை. எங்க உயிரை வாங்குது,” என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

குறுகலான படி. மேலே ஒரே அறை. ஜன்னல் திறந்திருந்தது. கிட்டார்கள் இடுப்பு உயரத்தில் மாட்டியிருந்தன, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். டிரம்ஸுக்குப் பின்னால் ஒரு பெரிய உடம்புக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “பாருங்க, பாருங்க, எடுத்துப் பாருங்க,” என்று சொல்லிவிட்டு மறுபடி தட்டத் தொடங்கினார்.

அண்ணி எதையும் கேட்கவில்லை. சுவரோரமாக நடந்து, தொங்கிய ஒவ்வொரு கிட்டாரையும் ஒருமுறை வருடினார். கடைசிவரை போய்த் திரும்பி என்னைப் பார்த்தார். “எல்லாமே சுருதியில இருக்குடி,” என்றார் ரகசியமாக. மருந்துக்கடைக்காரிக்கு அது புரிந்தது. யாரும் கேட்காத மருந்தின் காலாவதித் தேதியையும் பார்த்து வைக்கிற கடை போல.

மாடிக்கடைக்காரர் எழுந்து வந்தார். அண்ணியின் கையைப் பார்த்தார். “கையில என்னாச்சு?” என்றார். இத்தனை கடைகளில் நேராகக் கேட்டது அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல மேலே விட்டத்தைப் பார்த்தவர்கள், இல்லையென்றால் குத்திக் காட்டியவர்கள். அண்ணி சொன்னார். எதற்கு வந்தோம் என்பதையும் சொன்னார்.

“இடக்கை கிட்டார் என்கிட்ட இல்ல. இதுவரைக்கும் ஒண்ணுகூட வித்ததில்ல. அதைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியவும் தெரியாது,” என்றார் அவர். “உக்காருங்க. கேட்டுப் பாக்கலாம்.”

எங்கள் எதிரிலேயே தொலைபேசியை எடுத்து ஒவ்வொருவராகக் கேட்டார். தன் போட்டிக் கடைக்காரர்களையும் விடவில்லை. கடைசியில் ஒரு மொத்த வியாபாரி, ஒற்றையாக அனுப்ப மாட்டேன், பத்துப் பெட்டியோடு சேர்த்து அனுப்புகிறேன் என்றாராம். “சரி, அனுப்புங்க. மத்ததை நான் வித்துக்கறேன்,” என்றார் இவர்.

“வந்ததும் சொல்றேன். ஆனா வாசிச்சுப் பிடிச்சாதான் எடுக்கணும், எனக்காக எடுக்கக் கூடாது,” என்று படி வரை வந்து சொன்னார்.

நாட்கள் ஓடின. ஒரு மத்தியானம் அண்ணியின் தொலைபேசி அடித்தது. நான் பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

“அக்கா, மாடிக்கடை பேசறேன். கிட்டார் வந்திடுச்சு. ஆனா கழுத்து லேசா வளைஞ்சிருக்கு. திருப்பி அனுப்பறேன். நீங்க வராதீங்க.”

அண்ணி தொலைபேசியை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். “வண்டியை எடு.”

“அவர் வராதீங்கன்னு சொல்றாரே அண்ணி!”

“இவ்வளவு நாள் நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்கன்னு சொன்னவனைத்தான் பாத்தோம். வராதீங்கன்னு சொன்ன முதல் ஆளு இவர்தான். போயிட்டு வரலாம்.”

போனோம். வளைந்த கிட்டாரைக் கண்ணருகே தூக்கிப் பிடித்துக் கழுத்து நெடுகப் பார்த்தார் அண்ணி. மாடிக்கடைக்காரர் சொன்னது சரிதான். இருந்தாலும் அதை வைத்தே அன்று கையைப் பழக்கினார். அங்கேதான் அடுத்த சிக்கல் முளைத்தது. கம்பியை மீட்டும் சின்ன பிளாஸ்டிக் வில்லையை இடது கையில் பிடிக்க முடியவில்லை. அரை விரல்களுக்கு நடுவில் நிற்காமல், தாளம் வேகமெடுத்ததும் துள்ளிப் போய் எங்கேயாவது விழுந்தது. ஒருமுறை ஜன்னல் வழியாகக் கீழே போய்விட்டது. கண்ணாடிக்கடைக்காரர் அதை எடுத்துக்கொண்டு மேலே வந்து, இனிமேல் வேறு என்னென்ன விழும் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மாடிக்கடைக்காரர் இழுப்பறையிலிருந்து இன்னொரு வகையை எடுத்தார். மோதிரம் போலக் கட்டைவிரலில் மாட்டிக்கொள்ளும் வில்லை. அதுவும் வலது கைக்குச் செய்தது, வளைவு எதிர்ப்பக்கம். தேநீர் போட வைத்திருந்த கெண்டியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து அதில் போட்டார்கள். முதல் வில்லை அப்பளம் மாதிரி நெளிந்துபோனது. இரண்டாவது விரலில் ஏறவே இல்லை. “கொஞ்சம் முன்னாடியே எடுத்திருக்கணும்,” என்றார் அண்ணி. “நீங்கதான் பேசிட்டே இருந்தீங்க,” என்றார் அவர். மூன்றாவதைக் கரண்டியால் எடுத்து, சூட்டோடு அண்ணி தன் கட்டைவிரலிலேயே வைத்து வளைத்தார். “ஆ” என்று ஒரு சத்தம். பிறகு அது அப்படியே நின்றுவிட்டது. கையை உதறினார், விழவில்லை. மீட்டினார், விழவில்லை. இன்னும் வேகமாக மீட்டினார். மாடிக்கடைக்காரர் ஓடிப்போய் டிரம்ஸில் உட்கார்ந்துகொண்டார். அந்த வளைந்த கிட்டாரும் டிரம்ஸுமாக இரண்டு பேரும் செய்த சத்தத்துக்குக் கண்ணாடிக்கடைக்காரர் மறுபடி மேலே வராதது ஆச்சரியம்.

இரண்டாவதாக வந்த கிட்டார் நேராக இருந்தது. இந்த முறை அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனோம். அண்ணி கழுத்தில் ஒவ்வொரு கட்டமாக மேலே ஏறிப் போனார். எங்கேயும் சுருதி விலகவில்லை. வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். அண்ணன்தான் உணர்ச்சிவசப்பட்டு மாடிக்கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவர் சங்கடத்தோடு, “சார், இன்னொரு கிட்டாரும் பாக்கறீங்களா? அந்தப் பத்துல ஒம்பது பெட்டி மிச்சமிருக்கு,” என்றார்.

அதன்பின் நடந்ததை எல்லாம் சொன்னால் அலுப்பாக இருக்கும். தினமும் ஒரே பயிற்சி. காலையில் நான் பின்னிவிடும்போதுகூட மடியில் கிட்டார். மூளை இடதுபக்கம் சொன்னால் கை வலதுபக்கம் போகும். கோபத்தில் ஒருமுறை அழுதார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து விட்ட இடத்திலிருந்து வாசித்தார். அச்சகத்தில் வெட்டும் இயந்திரத்துக்கு அண்ணன் பாதுகாப்புக் கம்பி போட்டு வைத்திருந்தார். அண்ணி வேலைக்குத் திரும்பிப் போன முதல் நாள், அதைத் தட்டிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

இசைக்குழுவில் அதற்குள் வேறு ஒரு பெண் கிட்டாருக்கு வந்திருந்தாள். அது நியாயம்தான், மேடை காத்துக்கொண்டிருக்குமா? அண்ணி ஒத்திகைக்கே நேராகப் போய் உட்கார்ந்தார். வாசித்துக் காட்டினார். குழுத்தலைவர் நல்லவர், ஆனால் பூசி மெழுகத் தெரியாதவர்.

“பழைய வேகம் இல்லக்கா.”

“இல்ல. அது வரும்போது வரட்டும். தனி வாசிப்பெல்லாம் அவளே வாசிக்கட்டும். எனக்குத் தாளம் மட்டும் குடுங்க. அதுல ஏதாவது தப்பிருந்தா சொல்லுங்க, எழுந்து போயிடறேன்.”

குழுத்தலைவர் டிரம்ஸ்காரரைப் பார்த்தார். டிரம்ஸ்காரர், “அக்கா இருந்தா எனக்கு நிம்மதி,” என்றார். அந்தப் புதுப் பெண் எழுந்து தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள். அப்படித்தான் முடிவானது.

முதல் நிகழ்ச்சி ஒரு டயர் கம்பெனியின் ஆண்டுவிழா. பகல் நேரம், தகரக் கூரை போட்ட பெரிய கூடம். அண்ணனும் நானும் முன்வரிசையில். இரண்டாவது பாட்டில் ஒரு இடத்தில் அண்ணியின் விரல் தப்பான கட்டத்தில் விழுந்தது. அண்ணன் என் கையை இறுக்கிப் பிடித்தார். மேடையில் அண்ணி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அடுத்த அடியிலேயே சேர்ந்துகொண்டார். தாளம் நகரவில்லை. தொழிலாளிகள் நாற்காலியை விட்டு எழுந்து ஆடத் தொடங்கினார்கள்.

முடிந்து இறங்கி வந்தவரிடம் கிட்டாரை வாங்கிக்கொண்டு அண்ணன் கேட்டார், “கை வலிக்குதா?”

“எந்தக் கை?”

அண்ணன் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு அவருடைய இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டும்தாங்க வலிக்குது,” என்றார் அண்ணி. “பசிக்குது. முதல்ல சாப்பாடு எங்க போடறாங்கன்னு பாருங்க.”